காலிற் புடைக்கும் நாளங்கள்

கண்டி வாவிக்கரையை விட்டுத் தென்கிழக்கே தலாத்துஓயாவை நோக்கி ஏறிச்செல்லும் சாலையில் அமைந்த ஊர் அம்பிட்டிய. 1893 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கத்தோலிக்கக் குருமடத்தாற் பெயர்பெற்ற இவ்வூர் மேடும் பள்ளமுமாய் அமைந்தது. இங்கு வாழ்வோருட் பலர்க்குச் சாலைக்கு வருவதென்றாற் படியேற வேண்டும். வீட்டுக்குச் செல்வதென்றாற் படியிறங்க வேண்டும். அச்சாலை வழியே மேலும் சென்றால் ஹேவாஹெட்டைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களை அடையலாம். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வணிகப் பயிராக நட்ட லூல்கந்துரத் தோட்டமும் அப்பகுதியிலேயே உள்ளது.

மாலைப்பொழுதில் இச்சாலையிற் பஸ்வண்டியை விட்டு இறங்குவோரைச் சிறிது உற்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கண்டி நகரின் புடவைக்கடையிற் பகலெல்லாம் நின்று துணி விரித்துக் காட்டிய பெண், கரும்பலகையின் அருகே ஆறு பாடவேளை நின்ற ஆசிரியர், இயந்திரத்தின் முன்னே நின்ற தொழிலாளி, அடுப்பங்கரையில் நின்ற சமையற்காரர் ஆகிய பலருடைய கால்களில் நீலமும் பச்சையும் கலந்த கோடுகள் தோலின் கீழே ஓடக் காணலாம். சிலர்க்கு அவை சிலந்தி நூல்போல் மெல்லியன. சிலர்க்கு முறுக்கிய கயிறுபோல் மேலெழுந்து வளைந்து கிடப்பன. இவற்றைக் கண்டு அஞ்சுவோரும் உளர்; பொருட்படுத்தாதோரும் உளர். இரு சாராரும் சொல்வது ஒன்றே: “நரம்பு புடைத்துவிட்டது.” அவ்வாறு சொல்லித் தைலம் பூசுவர், சேலையின் கரையைச் சற்றுத் தாழ்த்தி உடுத்து மறைப்பர். புடைத்தது நரம்பன்று என்பதும், அது புடைப்பதன் காரணம் யாது என்பதும், அதனை எப்பொழுது அஞ்சவேண்டும், எப்பொழுது அஞ்சவேண்டியதில்லை என்பதும் அறியத்தக்கன.

நரம்பும் நாளமும்

தமிழில் நரம்பு என்னுஞ் சொல் பல பொருள் தருவது. யாழிற் கட்டிய தந்தியும் நரம்பு. இலையில் ஓடும் கோடும் நரம்பு. உடலில் ஓடுவனவும் நரம்பு. புறநானூற்றின் 278 ஆம் பாட்டிற் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதிய தாயைக் காட்டுகின்றார். போரில் மகன் புறங்கொடுத்து இறந்தான் என்னும் வதந்தியைக் கேட்டு, வாளேந்திக் களம் சென்று, அவன் வீரனாகவே வீழ்ந்து கிடத்தலைக் கண்டு மகிழ்ந்தவள் அவள். அத்தாயின் வற்றிய தோளில் மேலெழுந்து தோன்றியவற்றைப் புலவர் நரம்பு என்னுஞ் சொல்லாலேயே குறித்தார். இன்றைய உடற்கூற்றறிவின்படி அவை குருதியை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்களாகும். ஆகவே பொதுமக்கள் இன்றும் அவற்றை நரம்பு என்பது பழைய வழக்கின் எச்சமேயன்றிப் பிழையென்று இகழத்தக்கதன்று.

ஆயினும் மருத்துவத்தில் இச்சொற்குழப்பம் இடர் விளைக்கும். இன்று நரம்பு என்று வழங்குவது மூளைக்கும் உறுப்புக்களுக்கும் இடையே உணர்ச்சியையும் ஏவலையும் கொண்டுசெல்வது. அதில் குருதி ஓடுவதில்லை. தோலின் மேல் அது கயிறுபோற் புடைப்பதுமில்லை. நரம்பு புடைத்தது என்று எண்ணுபவர் அதனை நரம்புத் தளர்ச்சியென்று கொண்டு, அதற்குரிய மருந்தைத் தேடிப் பணத்தையும் காலத்தையும் இழப்பர்.

குருதிக் குழாய்கள் இருவகைப்படும். இதயத்திலிருந்து குருதியைப் புறத்தே கொண்டுசெல்வன இலங்கைப் பாடநூல்களில் நாடிகள் என்றும், தமிழ்நாட்டு நூல்களிற் தமனிகள் என்றும் கூறப்படும். குருதியை இதயத்துக்கு மீட்டுக் கொணர்வன இங்கு நாளங்கள், அங்கு சிரைகள். வைத்தியர் மணிக்கட்டிற் கைவைத்துப் பார்க்கும்போது துடிப்பது நாடி. நாளம் அவ்வாறு துடிப்பதில்லை; விரலால் அழுத்தினால் தட்டையாகி, விரலை எடுத்தவுடன் மீண்டும் நிரம்பும். காலிற் புடைத்துத் தோன்றுவது இந்நாளமே. வடமொழிச் சுசுருத சங்கிதை சிரைகள் எழுநூறு என்று வகுத்து, அவற்றுட் கீறத்தகாதன எவை என்றும் கூறுகின்றது. சிரை என்னுஞ் சொல் அந்நூலிற் பலவகைக் குழாய்களையும் தழுவி நிற்பினும், இக்குழாய்களைப் பற்றிய ஆராய்ச்சி இந்நாட்டவர்க்குப் புதியதன்று என்பதற்கு அது சான்றாகும்.

நாளங்கள் நீலமாகத் தோன்றுவதால் அவற்றுள் ஓடும் குருதியும் நீலமென்று கருதுவோர் உளர். அது உண்மையன்று. ஒட்சிசன் குறைந்த குருதி கருஞ்சிவப்பு நிறமுடையது. வெள்ளொளி தோலிற் படும்போது அதன் சிவப்புக் கூறு ஆழமாகச் சென்று நாளத்துக் குருதியால் உறிஞ்சப்படுகின்றது. நீலக் கூறு அவ்வளவு ஆழம் செல்லாது சிதறித் திரும்புகின்றது. ஆதலின் கண்ணுக்கு அவ்விடம் சுற்றுப்புறத் தோலினும் நீலமாகத் தோன்றுகின்றது.

மேல்நோக்கிய வழி

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 இலீற்றர் குருதி உண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்களவு எந்நேரமும் நாளங்களிலேயே தங்கியிருக்கின்றது. இதயம் சுருங்கும்போது நாடிகளில் ஏறத்தாழ 120 மில்லிமீற்றர் பாதரச அமுக்கம் உண்டாகின்றது. ஆனால் குருதி மயிர்த்துளைக் குழாய்களைக் கடந்து நாளத்தை அடையும்போது, அந்த உந்துதலின் பெரும்பகுதி வழியிலேயே செலவாகிவிடுகின்றது. படுத்திருக்கும் ஒருவரின் கணுக்கால் நாளத்தில் எஞ்சியிருப்பது 10 முதல் 15 மில்லிமீற்றர் வரையான அமுக்கமே. படுத்திருக்கையிற் காலும் இதயமும் ஒரே மட்டத்தில் இருத்தலால், குருதி மீள்வதற்கு இது போதும்.

மனிதன் எழுந்து நின்றவுடன் நிலைமை மாறுகின்றது. நடுத்தர உயரமுள்ள ஒருவர் நிற்கையில் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 120 சதமமீற்றர். அவ்வளவு உயரமான குருதித் தம்பம் ஒன்று கணுக்கால் நாளத்தின் மேல் நிற்கின்றது என்று கொள்ளலாம். குருதியின் அடர்த்தி நீரினுஞ் சிறிதே மிக்கது. பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தியுடையது. 120 ஐ 13.6 ஆல் வகுக்க ஏறத்தாழ 9 சதமமீற்றர் வரும். அஃதாவது, அசையாது நிற்பவரின் கணுக்கால் நாளத்தில் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் பாதரச அமுக்கம் நிலவுகின்றது. படுத்திருந்தபோது இருந்ததைப்போல் இது ஆறு மடங்குக்கும் மேற்பட்டது. பௌதிகவியல் வகுப்பில் திரவ அமுக்கத்தைப் படிக்கும் மாணவன் செய்யும் இக்கணக்கு அவன் காலிலேயே ஒவ்வொரு நாளும் நடைபெறுகின்றது.

நான்கு காலால் நடக்கும் விலங்குகளுள் இவ்விடர் பெரிதும் உடையது ஒட்டைச்சிவிங்கி. அதன் நெடிய காலில் அமுக்கம் மிக அதிகம். ஆயினும் அதன் காலின் தோலும் அடியிழையமும் இறுகிய உறைபோற் காலைப் பற்றி நிற்றலாற் குருதியும் நீரும் காலில் தேங்குவதில்லை. மனிதனுக்கு அத்தகைய தோல் அமையவில்லை. அவனுக்கு இயற்கை அளித்த துணைகள் இரண்டு. ஒன்று நாளத்தினுள் அமைந்த வாயில்கள்; மற்றையது கெண்டைக்காற் தசை.

வாயில்களின் வரலாறு

இத்தாலியின் பாதுவாப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றுப் பேராசிரியராயிருந்த பப்ரீசியஸ் என்பார், நாளங்களின் உட்சுவரிற் சிறிய மடல்கள் இருத்தலை விரிவாக வரைந்து 1603 ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். அவற்றுக்கு அவர் சிறு கதவுகள் எனப் பொருள்படும் பெயரிட்டார். எனினும் அவற்றின் தொழிலை அவர் முற்றும் உணரவில்லை. குருதி கை கால்களிற் பெருகித் தேங்காமல் அதன் வேகத்தைத் தணிப்பனவே அவை என்று கருதினார். உணவிலிருந்து ஈரலில் உண்டாகும் குருதி உடலெங்கும் வெளிநோக்கிச் செல்லும் என்னும் கலெனின் பழைய கொள்கை அக்காலத்தில் நிலைபெற்றிருந்தமையே அதற்குக் காரணம்.

அவரிடம் கற்று 1602 இற் பட்டம் பெற்ற ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹாவி. ஆசிரியர் கண்ட மடல்களையே மாணவரும் கண்டார். ஆனால் அவர் எழுப்பிய வினா வேறு. இம்மடல்கள் யாவும் ஒரே திசையிலேயே திறக்கின்றனவே. அத்திசை இதயத்தை நோக்கியதாயிருத்தல் ஏன் என்று அவர் சிந்தித்தார். நாளத்திற் குருதி இதயத்தை நோக்கியே செல்லவேண்டும். ஆகவே நாடிவழிச் சென்ற குருதி நாளவழி மீண்டு வட்டமாகச் சுற்றுதல் வேண்டும் என்னும் முடிபுக்கு வந்தார். 1628 இல் அவர் வெளியிட்ட நூலில் இதனை நிறுவினார். கட்டிய கையொன்றில் நாளங்கள் புடைத்து நிற்கும் படங்கள் அந்நூலில் உள்ளன.

அச்சோதனையை இன்றும் எந்த மாணவனும் செய்து பார்க்கலாம். முழங்கைக்கு மேலே ஒரு துணியை மிதமாகச் சிறிது நேரம் கட்டினால் முன்கை நாளங்கள் புடைக்கும். இடையிடையே சிறு கணுக்கள் தோன்றும். வாயில்கள் உள்ள இடங்கள் அவையே. ஒரு கணுவுக்குக் கீழே, அஃதாவது விரல்களின் பக்கத்தில், நாளத்தின்மேல் ஒரு விரலை அழுத்தி வைக்கவேண்டும். மற்றொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கிக் கணுவுக்கு அப்பால் வரை வழித்துவிட்டு அவ்விரலை எடுத்தால், கணுவுக்குக் கீழே உள்ள நாளத்துண்டு வெறுமையாகவே நிற்கும். மேலுள்ள குருதி கீழிறங்காது. முதல் விரலை எடுத்தவுடன் அத்துண்டு கீழிருந்து நிரம்பும். நானூறு ஆண்டுகட்கு முன் ஓர் ஐயத்தைத் தீர்த்த சான்று ஒவ்வொருவர் கையிலும் அமைந்திருத்தல் வியக்கத்தக்கது. கட்டை உடனே அவிழ்த்துவிடல் வேண்டும்.

கெண்டைக்காலின் பணி

வாயில் குருதியைக் கீழிறங்காமற் தடுக்கும். மேலே தள்ளுவது அதன் தொழிலன்று. தள்ளுவது கெண்டைக்காற் தசை. காலின் நாளங்கள் இரு தொகுதியாக அமைந்தன. தசைகளின் நடுவே ஓடுவன ஆழ்நாளங்கள். காலிலிருந்து மீளும் குருதியிற் பத்தில் ஒன்பது பங்களவு இவற்றின் வழியே செல்கின்றது. தோலின் கீழே ஓடுவன மேல்நாளங்கள். இவற்றுட் பெரியது உட்கணுக்காலின் முன்புறத்திற் தொடங்கித் தொடையின் உட்புறமாகச் சென்று கவட்டியில் ஆழ்நாளத்தோடு சேரும் பெருஞ்சபீன நாளம். உடலின் மிக நீண்ட நாளம் இதுவே. இரு தொகுதிகளையும் சிறு இணைப்பு நாளங்கள் ஆங்காங்கே தொடுக்கின்றன.

அடியெடுத்து வைக்கையிற் கெண்டைத் தசை சுருங்கி ஆழ்நாளங்களைப் பிழிகின்றது. கீழ்வாயில்கள் மூடிக்கொள்ளுதலாற் குருதி மேலேயன்றிச் செல்ல வழியில்லை. தசை தளரும்போது வெறுமையான ஆழ்நாளம் மேல்நாளத்திலிருந்து குருதியை உள்வாங்குகின்றது. இவ்வாறு சில அடிகள் நடந்த அளவிலேயே, 90 ஆக இருந்த கணுக்கால் அமுக்கம் 30 மில்லிமீற்றருக்குங் கீழே தாழ்ந்துவிடும். இதனாலேயே கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்பர். அசையாமல் நெடுநேரம் நிற்கும் படைவீரர் அணிவகுப்பில் மயங்கி விழுவதற்கும், காலைக் கூட்டத்தில் நிற்கும் சிறுமாணவர் சிலர் தலைசுற்றிச் சாய்வதற்கும், இவ்விதயம் தொழிற்படாது நின்று குருதி காலிற் தேங்குதலே பெருங்காரணம்.

ஆதலின் நிற்றலையும் நடத்தலையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. அம்பிட்டியவின் படிகளில் ஏறியிறங்குவோரும், அந்தானை மலைச்சரிவிற் கொழுந்து பறித்தவாறு நிரைநிரையாக நகருவோரும் களைப்படைவர் என்பது உண்மை. எனினும் அவர்களுடைய கெண்டைக்கால் ஒவ்வோரடிக்கும் குருதியை மேலே அனுப்பிக்கொண்டிருக்கின்றது. புடவைக்கடையின் மேசைக்குப் பின்னே ஒரே இடத்தில் நிற்பவர் ஒரு கட்டை தூரமும் நடப்பதில்லை. ஆயினும் மாலையில் அவர் காலே கனத்து வீங்குகின்றது. காலை வருத்துவது உழைப்பன்று, அசைவின்மையே.

வாயில் தளரும் வகை

நாளத்தின் சுவர் காலப்போக்கில் தளர்ந்து விரியுமானால், எதிரெதிரே அமைந்த இரு மடல்களும் ஒன்றையொன்று தொடமாட்டா. அவ்விடைவெளி வழியே குருதி கீழிறங்கும். அதன் பாரம் அடுத்த வாயிலின்மேல் விழ, அதுவும் விரியும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் தளர்ந்து, நாளம் நீண்டு, அகன்று, இடம்போதாமல் வளைந்து நெளியும். இதுவே நாளப் புடைப்பு. தமிழ்நாட்டில் இதனை நரம்புச் சுருட்டு என்றும் வழங்குவர்.

இதற்குக் காரணம் ஒன்றன்று. பெற்றோர்க்கு இருப்பின் பிள்ளைகட்கும் வருதல் மிகுதி. ஆகவே மரபு முதன்மையானது. வயது ஏற ஏறச் சுவர் தளரும். கருவுற்ற தாய்மார்க்குக் குருதியின் அளவு கூடுகின்றது. ஓமோன்கள் நாளச் சுவரைத் தளர்த்துகின்றன. கருப்பை வளர்ந்து இடுப்பு நாளங்களை அழுத்துகின்றது. பிள்ளைப் பேற்றின் பின் இப்புடைப்புப் பலர்க்கு ஓரளவு தணியும். உடற்பருமன், முன்னர் ஆழ்நாளத்திற் குருதி உறைந்திருத்தல், நெடுநேரம் நின்று செய்யும் தொழில் ஆகியனவும் காரணங்களாம். நிற்றல் ஒன்றே நோயை உண்டாக்கும் என்று கூறுதல் மிகை. ஆனால் தளரும் இயல்புடைய நாளத்தின்மேல் நாள்தோறும் பாரம் ஏற்றுவது அதுவே.

தோன்றும் நாளமெல்லாம் நோயன்று என்பதும் மறக்கத்தகாதது. மெலிந்த உடலினர்க்கும், தேகப்பயிற்சி செய்யும் இளைஞர்க்கும், வெயில் மிக்க வேளையிலும் நாளங்கள் நேராகவும் மிருதுவாகவும் புடைத்துத் தோன்றும். காலை உயர்த்தினால் அவை மறையும். இவை வாயில் நலமுள்ள நாளங்களே. ஒரு மில்லிமீற்றருக்குங் குறைந்த சிவப்பு, நீலச் சிறுநூல்கள் அழகைக் குறைக்குமன்றிப் பெரும்பாலும் தீங்கு செய்யா. நிற்கையில் 3 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் அகன்று வளைந்து நிற்பனவே புடைத்த நாளங்கள் எனப்படும். 1994 ஆம் ஆண்டிற் பன்னாட்டு மருத்துவர் குழுவொன்று இந்நோயின் படிகளை 0 முதல் 6 வரை வகுத்தது. கண்ணுக்குப் புலனாகும் குறி இல்லாமை 0, சிறுநூல் 1, புடைத்த நாளம் 2, வீக்கம் 3, தோல் கறுத்துத் தடித்தல் 4, ஆறிய புண் 5, ஆறாத புண் 6. பலர் முதலிரு படிகளோடு வாழ்நாளைக் கழித்துவிடுவர். ஆயினும் படியேறுவோரும் உளர் என்பதாலேயே அறிவு வேண்டப்படுகின்றது.

அஞ்சவேண்டிய குறிகள்

உட்கணுக்காலின் மேலே தோல் பழுப்பு நிறம் அடைதல், அரிப்பெடுத்தல், தடித்தல் ஆகியன முன்னறிவிப்புக்கள். அமுக்கம் மிக்க நாளத்திலிருந்து குருதிக்கூறுகள் கசிந்து தோலிற் படிதலாலே இது நிகழ்கின்றது. இவ்விடத்தில் ஒரு சிறு கீறல் பட்டாலும் அது மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகலாம். இப்புண்ணை நீரிழிவுப் புண்ணென்றோ, வினைப்பயனென்றோ எண்ணி மறைத்து வைத்திருப்போர் பலர். பச்சிலை கட்டியும் பொடி தூவியும் காலத்தைப் போக்குவதாற் புண் ஆறுவதில்லை. காரணம் புண்ணில் இல்லை, மேலே தளர்ந்த வாயிலில் உள்ளது. அமுக்கத்தைக் குறைத்தாலன்றிப் புண் ஆறாது.

காலின் வீக்கமெல்லாம் நாளப் புடைப்பன்று என்பதும் அறியத்தக்கது. யானைக்கால் நோயில் அடைபடுவது நிணநீர்க் குழாய், நாளமன்று. நுளம்பினாற் பரவும் அந்நோயை இலங்கை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து ஒழித்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016 இல் உறுதிப்படுத்தியது. இரு கால்களும் ஒருங்கே வீங்குமாயின் இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றின் குறைபாட்டையும் ஆராய்தல் வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் நொந்து, சூடேறிச் சிவக்குமாயின் ஆழ்நாளத்திற் குருதி உறைந்திருக்கலாம். அக்கட்டி பெயர்ந்து சுவாசப்பையை அடைந்தால் உயிருக்கே இடராகும். அத்தகைய காலைத் தேய்த்துப் பிடித்துவிடல் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ உடன் தோன்றின் ஒரு கணமும் தாமதித்தலாகாது. புடைத்த நாளம் கீறுண்டு குருதி பீறிடுமாயின் அவரை உடனே படுக்கவைத்து, காலை இதயத்தினும் உயர்த்தி, துப்புரவான துணியால் அவ்விடத்தை அழுத்திப் பிடித்தல் வேண்டும். காலை உயர்த்தினவுடன் நாளத்தின் அமுக்கம் தணிதலாற் குருதி நின்றுவிடும். நிற்கவைத்தபடியே மேலே இறுக்கிக் கட்டுதல் குருதிப் பெருக்கை அதிகமாக்கலாம்.

சிகிச்சையின் வளர்ச்சி

இந்நோயும் அதற்குரிய சத்திரசிகிச்சையும் மிகப் பழையன. உரோமத் தளபதி மாரியஸ் தம் காலின் புடைத்த நாளங்களைக் கட்டுண்ணாமலே அறுப்பித்து, ஒரு கால் முடிந்ததும், இந்நோவுக்கு இந்நலம் ஈடாகாதெனச் சொல்லி மறு காலைக் கொடுக்க மறுத்தார் என்று புளூட்டாக் எழுதியுள்ளார். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியச் சத்திரவைத்தியர் திரெண்டலன்பேர்க், பெருஞ்சபீன நாளத்தைத் தொடையிற் கட்டி மேலிருந்து இறங்கும் குருதியைத் தடுத்தார். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி நாளத்தை வெறுமையாக்கி, தொடையில் மேல்நாளத்தை அழுத்திப் பிடித்து எழுப்பி நிறுத்தி, பிடியை விட்டதும் குருதி மேலிருந்து விழுகின்றதா என நோக்கும் சோதனையும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இன்று அதனினும் நுட்பமாகக் கழியொலிக் கருவி கொண்டு குருதி செல்லும் திசையைக் காண்கின்றனர். 1842 இல் ஒஸ்திரிய அறிஞர் டொப்ளர் விளக்கிய விளைவே அதற்கு அடிப்படை.

அமுக்கக் காலுறையின் வரலாறு சுவையானது. கொன்ராட் யோப்ஸ்ற் என்னும் பொறியியலாளர் தாமே நாளநோயால் வருந்தியவர். நீச்சற் குளத்தில் நிற்கும்போது தம் கால்நோவு தணிதலை அவர் கண்டார். நீரின் அமுக்கம் ஆழத்தோடு கூடுகின்றது. குருதித் தம்பத்தின் அமுக்கமும் அவ்வாறே கீழே கூடுகின்றது. ஒன்றை மற்றொன்று ஈடுசெய்கின்றது. இவ்வுண்மையைக் கொண்டு, கணுக்காலில் மிக இறுகியும் மேலே செல்லச் செல்லத் தளர்ந்தும் அமைந்த காலுறையை அவர் 1950 ஆம் ஆண்டளவில் ஆக்கினார். ஒட்டைச்சிவிங்கிக்குத் தோல் செய்யும் பணியை மனிதனுக்கு இவ்வுறை செய்கின்றது. ஆயினும் நாடிகள் அடைபட்ட காலுக்கு, சிறப்பாக நீரிழிவு நோயாளருக்கும் புகைப்போர்க்கும், இறுகிய உறை தீங்கு செய்யலாம். பாதத்தின் நாடித்துடிப்பை வைத்தியர் சோதித்த பின்னரே அதனை அணிதல் வேண்டும்.

தளர்ந்த நாளத்தினுள் மருந்தேற்றி அதனை ஒட்டச்செய்தல் ஒரு முறை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இலேசர் ஒளியாலும் வானொலி அலையாலும் நாளத்தை உள்ளிருந்து சூடாக்கி மூடும் முறைகள் பரவியுள்ளன. நாளத்தை மூடிவிட்டாற் குருதி எவ்வாறு மீளும் என்று ஐயுறுவோர், காலின் குருதியிற் பெரும்பங்கு ஆழ்நாளங்களின் வழியே செல்வதை நினைவுகூர்தல் வேண்டும். கெட்ட வழியை அடைத்தால் நல்ல வழியே குருதி செல்லும். அரச வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைக் கிளினிக்குகளிற் கட்டணமின்றிப் பரிசோதனை பெறலாம் என்பதால், வறுமை காரணமாகப் புண்ணை மறைத்திருக்கவேண்டியதில்லை.

அன்றாட வாழ்வில் யாவரும் செய்யத்தக்கன எளியன. நிற்கும்போது குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துதல், ஒரு மணிக்கு ஒருமுறை சில அடிகள் நடத்தல், மாலையிற் படுத்துக் காலைத் தலையணைமேல் இதயத்தினும் உயர்த்தி வைத்தல், நாள்தோறும் நடத்தல், உடற்பருமனைக் குறைத்தல் என்பன அவை. ஆசிரியர் கரும்பலகையின் அருகே நில்லாது மாணவர் வரிசைகளிடையே நடந்து கற்பித்தால் வகுப்பும் விழிப்புறும், காலும் நலமுறும். காலைக் கூட்டத்தில் நெடிய உரைகள் நிகழும்போது மாணவரை இருத்துவதும் நன்று.

இருக்கையும் உரிமையும்

எனினும் தன் விருப்பப்படி நடக்கவும் இருக்கவும் உரிமையில்லாதவர்க்கு இவ்வறிவுரைகளாற் பயன் என்ன? வாங்குவோர் வராத நேரத்திலும் இருக்கக்கூடாது என்னும் கட்டளையின் கீழ்ப் பத்து மணிநேரம் நிற்கும் பணிப்பெண்ணுக்குக் குதிக்காலை உயர்த்துமாறு கூறுதல் மட்டும் போதாது. இவ்வுண்மையைச் சட்டம் உணர்ந்த வரலாறு நீண்டது. இங்கிலாந்தில் 1899 ஆம் ஆண்டிலேயே, கடைகளிற் பணிசெய்யும் பெண்கள் மூவர்க்கு ஓர் இருக்கையேனும் வைத்தல் வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. கேரளத்திற் கோழிக்கோட்டுப் புடவைக்கடைப் பெண்கள் இருக்கும் உரிமை வேண்டிப் பல்லாண்டு குரலெழுப்பியதன் பயனாக 2018 இல் அம்மாநிலச் சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டெம்பரிற் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும், கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றும் யாவர்க்கும் இருக்கை வசதி அளித்தல் வேண்டும் என்று 1947 ஆம் ஆண்டுச் சட்டத்திற் புதிய பிரிவொன்றைச் சேர்த்தது. நாள் முழுவதும் நின்று பணிசெய்தலால் விளையும் நோய்களே அத்திருத்தத்துக்குக் காரணமாகக் காட்டப்பட்டன.

சட்டம் எழுதுவது எளிது. இருக்கை இட்டபின்னும் அதில் இருப்பவரைக் கடிந்து பேசும் வழக்கம் மாறவேண்டும். அதற்குக் கடைக்காரர் மட்டுமன்றி வாங்கச் செல்வோரும் பொறுப்புடையவர். எதிரே நிற்பவர் இருந்தவாறே விலை சொன்னால் அதனை மரியாதைக் குறைவென்று கருதாதிருத்தல் கற்றறிந்தோர் செய்யத்தக்க சிறு உதவி. ஹாவி கண்ட வாயில்கள் பணிப்பெண்ணின் காலிலும் உள்ளன. அவற்றின் மேல் நிற்கும் தம்பமும் அதே 120 சதமமீற்றர். அத்தம்பத்தின் பாரத்தைப் பகலில் இருமுறை சிறிது இறக்கிவைக்க அவருக்கு வேண்டியது ஒரு நாற்காலியும், அதில் அமர்வதற்கான இசைவுமே.